மாடி வீடு வாடகைக்கு

மாடியில் குடியிருந்த மோகனப்பிரியா ஊருக்குப் போக இன்னும் துணிகளைக்கூட மடித்து முடிக்கவில்லை. அதற்குள் ‘மாடி வீடு வாடகைக்கு’ என்று எழுதிய அட்டையைக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள் மாமியார் நஞ்சம்மாள்.

“பாத்தீங்களா மாமா? ரயிலுக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. அதுக்குள்ள உங்கம்மாவுக்கு என்ன அவசரம்?”

அவள் கணவன் மிதுன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் அவன் வேலை பார்த்த பம்ப் கம்பெனி மூடி எட்டு மாதமாகிறது. கோயமுத்தூர் முழுக்க அலைந்து, கடைசியில் குஜராத்தில், ராஜ்கோட்டில்தான் ஒரு வேலை அகப்பட்டது. அதுவும் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். அவனோடு போவதற்காக மோகனப்பிரியாவும் தன் ஸ்கூல் வேலையை விட்டாயிற்று.

“ஆறு மாசத்துல வேண்டாம்னு அனுப்பிட்டாங்கன்னா நாம எங்கீங்க வந்து நிக்கறது?” என்றாள்.

“அம்மா ஊடு, அம்மா இஷ்டம். விடு மோகனா.”

அவனுக்கு வேறு கவலை. ராஜ்கோட்டில் வீடு அமையவில்லை. அந்தக் கம்பெனிக்காரர் ஒருவர் அங்கே விசாரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டு ஆறு வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை போன் வரும்போதும் நஞ்சம்மாள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். “இல்லையாம்மா” என்று மகன் சொன்னதும் உள்ளே போய்விடுவாள்.

அட்டையைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். காரமடையிலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம். பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி. தங்கமான மனிதர்கள்.

“உங்களுக்கென்னங்க, வேற ஊடு கெடைக்குமுங்க” என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டாள் நஞ்சம்மாள்.

மூன்றாம் நாள் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு ஜோடி வாசலில் தயங்கித் தயங்கி நின்றது. அனீஸ், அவன் மனைவி ரூபினா. அவனுக்குப் பக்கத்து ஃபவுண்டரியில் வேலை. நஞ்சம்மாள் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

“சனிக்கெழம காத்தால வந்து பால் காச்சிக்கங்க.”

மோகனப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் அவளுக்கும் மிதுனுக்கும் ரயில். ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லையா?

எதிர்வீட்டுச் சின்னாத்தாள் வேறு வந்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். “உங்க மாமியா கெட்டிக்காரி அம்மணி. உள்ளூர்க்காரன்னா நாயம் பேசுவான். இவிங்கன்னா கேட்ட வாடகைக்குத் தலையாட்டுவாங்க.”

அதுதான் விஷயம் என்று மோகனப்பிரியாவுக்கும் பட்டது. பெற்ற பிள்ளை ஊரைவிட்டுப் போகிறான். இவளுக்கு வாடகை பெரிதாகப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை மூட்டை முடிச்செல்லாம் கீழே வந்தாயிற்று. எண்ணிப் பார்த்தபோது பித்தளைக் குண்டாவைக் காணோம். கல்யாணத்துக்கு அவள் அம்மா சீராக வைத்தது. பக்கவாட்டில் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

“அம்மா இப்பத்தான் மாடிக்கு எடுத்துட்டுப் போனாங்க” என்றான் மிதுன்.

அவ்வளவுதான். நாலு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் தலைக்கேறியது. இன்றைக்கு நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் ரயிலேறுவது என்று விறுவிறுவெனப் படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. அடுப்பில் அவளுடைய குண்டா. அதில் பால் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ரூபினா, வெட்டியிருந்த எழுத்துகளைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டாள்.

“அது என்னா எழுதியிருக்குன்னு கேக்கறா அம்மா” என்றான் அனீஸ், தனக்குத் தெரிந்த தமிழில்.

“எம் மருமக பேரு கண்ணு. அவளும் இதே குண்டாவுல அங்க ஒரு ஊட்டுல பால் காச்சோணுமல்ல” என்றாள் நஞ்சம்மாள்.

மோகனப்பிரியாவின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

அனீஸ் தயங்கினான். “உங்க பையன் திரும்பி வந்தா நாங்க காலி பண்ணணுமா?”

“அவங்க வந்தா கீழ எம் ரூமு இருக்குது. ஒழிச்சு வெச்சுட்டேன். நீங்க பயப்படாம இருங்க.”

“பதினோரு வீடு கேட்டோம் அம்மா. எங்க பேரு சொன்னதும் ஆள் வந்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. நீங்க அட்வான்ஸ்கூட வேணாம்னு சொல்றீங்க. நீங்க மட்டும் ஏன்...?”

பால் நுரைகட்டி மேலே வந்தது. நஞ்சம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“எம் பையனுக்கும் அங்க யாரும் ஊடு தர மாட்டேங்கறாங்க கண்ணு. இங்க உங்களுக்குக் கதவச் சாத்திப்போட்டு, அங்க அவனுக்குத் தொறந்து உடு சாமின்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் காரமடைப் பெருமாள்கிட்டப் போயிக் கேக்கறது?”