யானைக்காது

"ஏங்க, நேத்தே சொன்னேன்ல, இன்னைக்கு முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கப் போகணும்னு?"

சகாயராணி அறை வாசலில் நின்று கேட்டாள். உள்ளே அவள் கணவர் ஞானசேகர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எப்பச் சொன்ன?" என்றார், திரும்பாமலே. "முக்கியமான வேலையா இருக்கேன் சகாயராணி. நீ பஸ்ல போயிட்டு வந்துரு."

கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற மனிதருக்கு அப்படி என்ன முக்கியமான வேலை என்று அவளுக்கு இதுவரை பிடிபடவில்லை. கேட்டால், நாலு பேருக்கு உபயோகமான வேலை என்பார். அந்த நாலு பேரில் தான் சேர்த்தி இல்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது.

டவுன் பஸ்ஸில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள். அவர் தலை நிமிரவில்லை. மோட்டார் வேறு நேற்றிலிருந்து ஓடவில்லை. அதையும் சொல்லியாகிவிட்டது. தெருக் குழாயில் இரண்டு குடம் பிடித்து வந்து வைத்துவிட்டு, அப்பாடா என்று செல்போனை எடுத்தாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அபி, "போரடிச்சாப் பாரும்மா" என்று வேடிக்கை வெப்சைட்டுகளாக அனுப்பிக்கொண்டே இருப்பாள். ஒன்றில் பொத்தானை அமுக்கினால் ஆடு கத்தும். ஒன்றில் பார்சல் சுற்றி வரும் பிளாஸ்டிக் குமிழிகளைப் பட்பட்டென்று உடைத்துக்கொண்டே இருக்கலாம். இன்னொன்றில் வெங்காயம் நறுக்கலாம், கண் எரியாது என்பதுதான் விசேஷம். அடுப்படியில் நறுக்கியது போதாதென்று அதையும் ஒரு வாரம் நறுக்கினாள் சகாயராணி.

அதற்குப் பிறகு அகப்பட்டதுதான் 'ஒரு காது'. அதில் ஆடும் இல்லை, வெங்காயமும் இல்லை. பெயரைச் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் எழுதிப் புலம்பலாம். அந்தப் பக்கம் முகம் தெரியாத யாரோ ஒருவர் பொழுது போகாமல் உட்கார்ந்து கேட்பார். கேட்கிறவர்களுக்குப் பெயருக்குப் பதில் ஒரு காதுப் படம். முயல் காது, எருமைக் காது, கழுதைக் காது. அவளுக்கு வாய்த்தது யானைக்காது. தனக்கு வெண்டைக்காய் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

யானைக்காது ஒரு பொம்பளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் தீர்மானம். ஆம்பளைக்கு இவ்வளவு பொறுமை ஏது? அதுவும் எடுத்த எடுப்பில் "சாப்பிட்டீகளா?" என்று கேட்பதால் நம்ம பக்கத்துப் பொம்பளையேதான். ஒரு மாதப் பழக்கத்தில் கூடப்பிறந்த அக்கா மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு அவள் ஆரம்பிப்பதற்கு முன்பே யானைக்காது கேட்டது.

"முழங்காலுக்கு டாக்டர்கிட்ட போகணும்னீகளே தாயி, என்ன சொன்னாரு?"

சகாயராணிக்கு அழுகை வந்துவிட்டது. போய் வந்ததிலிருந்து இந்த ஒரு கேள்வியை வீட்டில் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தாள். எலும்புத் தேய்மானம், தண்ணீர்க் குடம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதை எழுதினாள். குடம் தூக்கி வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன் என்றும் எழுதினாள். வீட்டுக்காரர் துணைக்கு வரவில்லை, எந்நேரமும் கம்ப்யூட்டரே கதி என்று இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

பதில் உடனே வந்தது. "கட்டுன பொஞ்சாதிக்குத் துணையா வரக்கூட முடியாம, அப்படி என்ன வெட்டி வேலை அந்தாளுக்கு?"

மற்றபடி அவர் நல்லவர்தான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று சகாயராணி பரிந்துகொண்டு வந்தாள். யானைக்காது விடவில்லை.

"நீங்க விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத்தான் அந்தாளு இப்படி ஆயிட்டாரு. காளையார்கோவில்ல அண்ணன் இருக்காருன்னீகளே, கிளம்பிப் போயிருங்க. பத்து நாளு கடைச்சோறு தின்னாத்தான் உங்க அருமை தெரியும்."

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. நாலு சேலையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் அறை வாசலுக்கு வந்தாள். திரும்பிப் பார்த்து, ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பையைக் கீழே வைத்துவிடலாம் என்றிருந்தது.

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

"சரி சரி. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ" என்றார் ஞானசேகர். விரல்கள் தட்டுவதை நிறுத்தவில்லை.

சாத்திவிட்டுப் போனாள்.

பஸ் கல்லல் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிளம்பிவிட்டேன், பஸ்ஸில் இருக்கிறேன் என்று செல்போனில் எழுதினாள். தன் பேச்சைக் கேட்க உலகத்தில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று மனசு கொஞ்சம் ஆறியது.

"நல்ல காரியம் செஞ்சீக" என்றது யானைக்காது. "அந்தாளு தேடி வந்து நின்னாலும் லேசுல இறங்கிப் போயிராதீக."

பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

"ஒரு நிமிசம் இருங்க தாயி. காபி கேட்டு அப்ப இருந்து கத்துறேன், எங்க வீட்டுச் சகாயராணி காதுலயே வாங்க மாட்டேங்குறா."