நனைய வேண்டிய நெல்

"ஏம்மா, கையை எடும்மா! தொடக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

காலையிலிருந்து அமிர்தவல்லி வாங்கும் நாலாவது திட்டு இது. அவள் கண்டுகொள்ளவில்லை. சைக்கிள் செயினைக் கோத்துச் செய்த யானையின் துதிக்கையை இன்னொரு தடவை தடவிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

செஞ்சிக் கோட்டைக்குக் கீழே மைதானம் முழுக்கக் கலைக் கண்காட்சிப் பந்தல்கள். எங்கெங்கிருந்தோ ஓவியர்களும் சிற்பிகளும் வந்திருந்தார்கள். கடைசி நாளையாவது விடக்கூடாது என்று வல்லத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே புருஷனை இழுத்து வந்துவிட்டாள் அமிர்தவல்லி.

"இன்னாங்க இது! உடைஞ்ச பானை ஓட்டுலயே மயிலு செஞ்சிருக்காங்க பாருங்க!"

"நான் உடைச்சா மட்டும் திட்டுற?" என்றார் செல்லப்பன்.

"நீங்க உடைச்சா மயிலாவா ஆவுது?"

மைதானத்தின் கோடியில், திறந்தவெளியில், பெரிய வட்டமாக நெல் பரப்பியிருந்தது. பத்து மூட்டைக்குக் குறையாது. சுற்றிலும் கயிறு, பின்னால் ஓர் இங்கிலீஷ் பேனர். அமிர்தவல்லி குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள்.

"நல்லா காஞ்சிருக்குது."

"அம்மா, ப்ளீஸ்! தொடாதீங்க!" என்று ஓடி வந்தாள் ஒரு பெண். பெயர் சுவாதி. சென்னைக்காரி. அந்த வட்டம் அவளுடைய படைப்பு.

"இதுல இன்னா பாப்பா இருக்குது? எங்க ஊரு ரோடு பூரா இதுதானே!"

"மழை வரணும்மா. நெல் நனையணும். ஜனங்க சுத்தி நின்னு பாக்கணும். அதை வீடியோ எடுக்கணும். அதுதான் என் படைப்பு. இன்னிக்கு மழை வந்தாத்தான் உண்டு. இதை வச்சுத்தான் என்னை வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கூப்பிடுவாங்க."

செல்லப்பன் மனைவியின் காதில், "வெயிலு தலைக்கு ஏறிடுச்சு போல, பாவம்" என்றார்.

"சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு அமிர்தவல்லி சொன்னாள்: "சத்தியமா தொடமாட்டேன் பாப்பா. உனக்கு மழை வரும் பாரு."

வந்தது. மத்தியானத்துக்கு மேல் ராஜகிரி மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. சுவாதி துள்ளிக் குதித்தாள். பந்தல்களிலிருந்து கூட்டம் ஓடி வந்து கயிற்றைச் சுற்றி நின்றது. கேமரா ஓடத் தொடங்கியது.

"யாரும் உள்ளே வராதீங்க! அப்படியே நில்லுங்க!"

படபடவென்று பெரிய துளிகள் விழுந்தன. அமிர்தவல்லியின் கால் தானாக முன்னால் போனது. செல்லப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். சத்தியம் பண்ணியிருக்குற."

"ம்."

மழை வலுத்தது.

"அடப் போங்கய்யா!" என்று மனைவியின் கையை விட்டுவிட்டு, முதல் ஆளாகக் கயிற்றைத் தாண்டியவர் செல்லப்பன்தான்.

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்தது.

"நடுவுல தள்ளு, நடுவுல தள்ளு!"

"டேய், நெல்லுடா! செருப்பைக் கழட்டுடா!"

"மூடறதுக்கு இன்னா இருக்குது?"

"பின்னால இங்கிலீஷ் பேனர் தொங்குது பாரு, அதை அவுரு!"

அவலூர்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர் பேனரை அறுத்து இறக்கினார். அது எட்டாத இடத்தில் பெண்கள் துப்பட்டாவை விரித்தார்கள். தொடக் கூடாது என்று திட்டிய செக்யூரிட்டிகூடத் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டார். நெல் குவியலாகி, பேனருக்கு நாலு மூலையிலும் கல் ஏறிவிட்டது.

சுவாதி மழையில் நின்று அழுதாள். "எல்லாம் போச்சு! சத்தியம் பண்ணீங்களேம்மா! இது யாரோட நெல்லுன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

அமிர்தவல்லி தலை குனிந்தாள். "தப்புதான் பாப்பா. நிக்கணும்னுதான் நின்னேன். கை கேக்கல."

"மழை வந்தா யாருதுன்னு பாக்கறதில்ல பாப்பா" என்றார் செல்லப்பன். "எங்களுதும் வல்லத்துல ரோட்டுலதான் காயுது. இந்நேரம் எவனாவது மூடியிருப்பான்."



சுவாதியைச் சமாதானப்படுத்த என்ன சொல்வது என்று தெரியாமல், அமிர்தவல்லி பேனரை மெல்லத் தடவினாள். "எழுத்து ஒண்ணொண்ணும் முத்தா இருக்குது. இன்னா பாப்பா எழுதியிருக்குற?"

சுவாதி பேனரைப் பார்த்தாள். அவர்கள் முகங்களைப் பார்த்தாள். படித்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

'அடுத்தவன் நெல் நனைந்தால் யாருக்கு என்ன?'