ஜன்னல் அடைத்த விமானம்

வயதான ஒரு விமானத்தின் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, சரக்கு ஏற்ற விட்டுவிட்டார்கள். அதற்குத் தீராத கோபம்.

"மனுஷங்களைச் சுமந்தவன் நான். இப்போ கோழிக்குஞ்சுப் பெட்டியா?" என்று பறக்கும்போதே முணுமுணுத்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு குஞ்சு கேட்டது: "அண்ணே, இப்ப நாம வானத்துலயா இருக்கோம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வளர்ந்தா நாங்க இவ்வளவு உயரம் பறக்க மாட்டோமாம். வெளியே எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்."

விமானம் திகைத்தது. ஜன்னல் இருந்த காலத்தில் பயணிகள் திரையை இறக்கிவிட்டுத் தூங்குவார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இரு, பார்த்துச் சொல்றேன்."

அந்தி வெயிலில் குட்டிக் குட்டி மேகங்கள் மஞ்சளாக, மெத்தென்று, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"அட," என்றது விமானம், "வானம் பூரா உங்க ஆளுங்கதான்டா!"