பரிமாறுகிறவளைக் கேட்டீர்களா?

கடை மேசைமேல் ஒரு மலிவான கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்தது. கேமும் ஓட வேண்டும், கார்ட்டூன் படமும் செய்ய வேண்டும். பாகங்கள் எல்லோரும் வந்தாயிற்று, திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் பாக்கி.

"அலமாரியில இருக்கிற கார்டுகள்ல, மூணு ஃபேன் வெச்ச அந்தப் பெரியவரையே கூப்பிடலாம்," என்றார் பிராசசர். "நம்ம வீட்டுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

எல்லோருக்கும் கரண்ட் பரிமாறுகிற பவர் சப்ளை மூலையிலிருந்து கேட்டாள்: "அவருக்கு எத்தனை வாட் வேணும்?"

"அதெல்லாம் நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"பண்ணிக்கிறேன். பாதி கேம்ல நான் மயங்கி விழுந்தா மொத்தக் குடும்பமும் அணைஞ்சிடும். அப்போ உங்க கௌரவமா வந்து பரிமாறும்?"

பிராசசர் மறுபடி அலமாரியைப் பார்த்தார்.

அலமாரி ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கார்டு தயங்கிக்கொண்டே சொன்னது: "அக்கா, நான் அவர்ல பாதிதான் சாப்பிடுவேன். ஆனா வேலையில கொஞ்சம் நிதானம்."

"பரவாயில்லை, வந்து உட்காரு."

கம்ப்யூட்டர் ஓடியது. திரையில் கார்ட்டூன் யானை உருவாகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. யானைக்கு என்ன அவசரம்? பவர் சப்ளை எல்லோருக்கும் வயிறு நிறையப் பரிமாறினாள். பரிமாறி முடித்துப் பார்த்தால், தனக்கென்று கொஞ்சம் மிச்சமும் இருந்தது.