நீலம் மாறாத மணிகள்

அப்பா இறந்துவிட்டார் என்று அழைப்பு வந்தபோது எழிலரசியின் கையில் சிலேன் பாட்டில் திறந்திருந்தது. கண்ணாடி இழையையும் பிசினையும் பிரியாமல் பிணைத்துவைக்கும் திரவம் அது. காற்றின் ஈரம் பட்டாலே இறுகிக் கெட்டுவிடும். ஐந்து மாதம் காத்திருந்து வாங்கிய ஒரே பாட்டில். அவளுடைய மொத்த ஆய்வும் அதை நம்பித்தான் இருந்தது. அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அடைமழையில் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது, பாட்டில் இறுக மூடப்பட்டு ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இருந்தது. அதைச் சுற்றிலும் ஈரம் உறிஞ்சும் மணிகள். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும் அவை, இத்தனை மழைக்கும் நீலமாகவே இருந்தன. யாரோ தினமும் எடுத்து ஓவனில் காயவைத்திருக்க வேண்டும்.

“போன வருஷம் உன் பாட்டில நான் தொறந்து போட்டதுக்கு ரெண்டு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட,” என்றாள் பக்கத்து மேசை ஷமீமா, தலை நிமிராமல். “மறுபடி அந்த மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல, தாயே.”

எழிலரசி பாட்டிலை மெல்லச் சாய்த்தாள். திரவம் தண்ணீரைப்போல் ஓடியது. மூடியில் கை வைத்தவள், கண் நிறைவதை உணர்ந்து, பாட்டிலைத் திரும்பச் சாடிக்குள் வைத்து மூடிவிட்டு, ஷமீமாவின் மேசைக்குப் போனாள்.