கேஸை மூடியாச்சா?

ஒரு வாரமாகச் சுகந்தி வீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கிவர, வீட்டையே துவைத்துக் காயப்போடாத குறை. "இவ்வளவு பாடுபட்டு டூர் போகணுமா?" என்று கேட்ட கணவன் தயாளனுக்குக் கிடைத்த பதில் பக்கத்துத் தெருவரை கேட்டது. ஒருவழியாகப் பெட்டிகளை ஏற்றி, எல்லோரும் காரில் உட்கார்ந்த பிறகு, "ஐயோ, கேஸை மூடினேனா?" என்றாள். சாவியோடு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கூப்பிடப் போன தயாளனும் வரவில்லை. அப்பாவைக் கூப்பிடப் போன மகளும் வரவில்லை. ஹாரன் அடித்து அலுத்த டிரைவர், வண்டியை அணைத்துவிட்டுப் படியேறினார்.

மூவரும் சோபாவில், யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்களைப் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளில் ஒரு துணி இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு டம்ளர்கூட இல்லாததால், வாசல் வெயில் முழுசாக அதன்மேல் படுத்திருந்தது.

"நம்ம வீடாடி இது?" என்றான் தயாளன்.

"மெதுவா பேசுங்கப்பா," என்றாள் மகள்.

"சார், மலை ஏறணும், இருட்டிரும்" என்று தொடங்கிய டிரைவர், தரையைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்.

"உக்காருங்கண்ணே. பால் இல்ல, கடுங்காப்பிதான்," என்று எழுந்த சுகந்தி சமையலறைக்குப் போய், இறுக்கி மூடியிருந்த கேஸைத் திறந்தாள்.