சுவரேறிக் குதித்து எடுத்த ஆப்பிள்

நீதிபதியின் மேசைமேல் கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு கடித்த ஆப்பிள் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் கல்யாண கேக்கின் ஒரு மூலை. அதிலும் ஒரு கடி.

இரண்டும் ஒரே வாய் கடித்தவைதான், சந்தேகமே இல்லை என்று பல் டாக்டர் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சுவரோரம் நின்ற கான்ஸ்டபிள் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பேக்கரியின் மாவு பிசையும் மெஷினை யாரோ இரவோடிரவாகத் தூக்கிப் போய்விட்டார்கள். காலையில் கேக்கிலும் பல் பதிந்திருந்தது. பழி, கடைச்சாவி வைத்திருந்த அடுப்பு மெக்கானிக்மேல் விழுந்தது.

கோர்ட்டு உத்தரவுக்குக் காத்திருக்க இன்ஸ்பெக்டருக்குப் பொறுமையில்லை. பட்டப்பகலில், ஆளில்லாத நேரம் பார்த்து, கான்ஸ்டபிளையும் இழுத்துக்கொண்டு மெக்கானிக் வீட்டுப் பின்சுவரேறிக் குதித்தார். அறை அறையாகப் புரட்டிப்போட்டுவிட்டுக் கடைசியில் சமையலறைக்கு வந்தால், மேசைமேல் இந்த ஆப்பிள். புதையல் கிடைத்த மாதிரி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மெக்கானிக்கின் வக்கீலம்மா லேசுப்பட்டவரல்ல. கட்சிக்காரர் பல்லைக்கூடக் காட்டத் தேவையில்லை, அது அவர் உரிமை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் கொட்டாவியைக்கூட மூக்கு வழியாகத்தான் விடுகிறார்.

இப்போது வக்கீலம்மா ஆப்பிளைப் பிடித்துக்கொண்டார். திருட்டுத்தனமாக எடுத்த பழத்தை ஆதாரமென்று ஏற்றால், நாளைக்குப் போலீஸ் ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்கும் என்றார்.

ஏற்கவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். எது நியாயமென்று படுகிறதோ அதைச் செய் என்று சட்டம் பாரத்தை நீதிபதி தலையில் இறக்கிவிட்டிருந்தது. அவர் ஆப்பிளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி ஆப்பிளைப் பார்த்தார்.

தள்ளிவிடு சாமி, தள்ளிவிடு என்று கான்ஸ்டபிள் தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டார்.

நீதிபதி தொண்டையைச் செருமினார். சுவரேறியது தப்பு, அதற்குத் தனி விசாரணை உண்டு. ஆனால் சுவரேறி வந்ததற்காக உண்மை பொய்யாகிவிடாது. ஆப்பிளை ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

இன்ஸ்பெக்டரின் கை மீசைக்குப் போனது. மெக்கானிக்குக்கு முகம் செத்துவிட்டது. இனி ஜெயில்தான்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து அவருடைய மாமியார் எழுந்து நின்றார்.

“ஐயா, எங்க மாப்பிள்ளை வாய் வச்சா இவ்வளவு மிச்சம் இருக்குமா? காம்பு கூட கிடைக்காதுங்க!”

கோர்ட்டே சிரித்தது. மெக்கானிக்கின் மனைவி மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கான்ஸ்டபிளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“ஐயா, அன்னிக்குக் காலையில கேக்குக்குக் காவல் நின்னது நான்தான். இவங்க வீட்டுல தேடப் போனப்போ பசிச்சதும் எனக்குத்தான். டாக்டர் கொஞ்சம் என் வாயைப் பாக்கட்டும்.”

மீசையிலிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார். நீதிபதி முதற்கொண்டு எல்லோரும் எட்டிப் பார்க்க, கான்ஸ்டபிள் ‘ஆ’ காட்டினார்.